டோராக்ஸ்: மையம் அதன் கணக்கு, விளிம்பு நம் கணக்கு

மிகச் சூடான மின்னேற்ற வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்து அணுக்கருக்களை இணைக்கும் டோக்கமாக் உலையில், வெப்பமும் துகள்களும் மையத்திலிருந்து விளிம்புக்கு எவ்வளவு வேகமாகக் கசிகின்றன என்பதைக் கணிக்கும் நிரல்கள் புதியவை அல்ல. ஆஸ்ட்ரா, டிரான்ஸ்ப், ஜின்ட்ராக் ஆகியவை இத்துறையினருக்கு நன்கு பழகியவை. கூகுள் டீப்மைண்ட் 2024இல் திறமூலமாக வெளியிட்ட டோராக்ஸ், அவற்றைவிடக் குறைந்த இயற்பியலையே தன்னுள் கொண்டிருக்கிறது. ஆயினும் அவற்றிடம் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இதில் இருப்பதால், தனியாக மதிப்பிட வேண்டிய கருவியாகிறது.

பைத்தான் மொழியில், வகைக்கெழுக்களைத் தானாகக் கணக்கிடும் ஜாக்ஸ் என்ற நிரல் நூலகத்தின் மேல் எழுதப்பட்டு, அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. நிறுவ ஒரே கட்டளை போதும். உள்ளீடு ஒரு பைத்தான் கோப்பு. ஆவணங்கள் தெளிவானவை, சமன்பாடுகளையும் மறைக்காமல் தருகின்றன.

காந்தப்புலக் கோடுகள் அமையும், ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய காந்தப் பரப்புகள் ஒவ்வொன்றிலும் வெப்பநிலை விரைவாகச் சமப்பட்டுவிடுவதால், பரப்புகளுக்குக் குறுக்கே உள்ள மாற்றத்தை மட்டும் கணக்கிட்டால் போதும் என்ற அடிப்படையில், அயனி வெப்பநிலை, எலக்ட்ரான் வெப்பநிலை, எலக்ட்ரான் அடர்த்தி, மின்னோட்டப் பரவல் ஆகியவற்றுக்கான நான்கு சமன்பாடுகளை டோராக்ஸ் ஒரே பரிமாணத்தில் ஒன்றாகத் தீர்க்கிறது. கடினமான பகுதி இந்தச் சமன்பாடுகள் அல்ல. வெப்பமும் துகள்களும் எவ்வளவு எளிதில் கசியும் என்பதைச் சொல்லும், அவற்றில் இடம்பெறும் கடத்தல் கெழுக்கள்தான். வெப்ப இழப்பின் பெரும்பகுதி நுண்ணிய கொந்தளிப்பால் நேர்வது. அக்கொந்தளிப்பை முழுமையாகக் கணிக்க மீக்கணினிகளை நெடுநேரம் இயக்க வேண்டும். குவாலிகிஸ் என்ற எளிமைப்படுத்திய மாதிரி அந்தச் சுமையைப் பெரிதும் குறைத்தது. அதன் 30 கோடி கணக்கீடுகளைக் கொண்டு பயிற்றுவித்த நரம்பியல் வலையமைப்பு மேலும் குறைத்தது. டோராக்ஸ் நம்பியிருப்பது அவ்வழியில் வந்த வலையமைப்பைத்தான்.

இதன் உண்மையான வலிமை வகைக்கெழுக்களில் இருக்கிறது. பிளாஸ்மாவின் வெப்பநிலைச் சரிவு ஒரு வரம்பைத் தாண்டியதும் வெப்பப் பாய்வு திடீரென எகிறும். இத்தகைய சமன்பாடுகளைச் சாதாரண முறையில் காலத்தில் முன்னகர்த்தினால் விடை அலைபாயும் என்பதால், அடுத்த கணத்தின் நிலையையே அறியாமாறியாக வைத்து நியூட்டன்-ராப்சன் முறையில் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவைப்படும் வகைக்கெழு அணியை ஜாக்ஸ் தானாகவே துல்லியமாகத் தருகிறது. அதே வசதியைக் கொண்டு, வெப்பமூட்டும் திறனைச் சற்று மாற்றினால் இறுதி மின்னோட்டப் பரவல் எப்படி மாறும் என்பதையும் கேட்டுப் பெறலாம். கட்டுப்பாட்டு முறைகளை வடிவமைப்பவருக்கு இது பெரிய கொடை. அமெரிக்காவில் கட்டப்படும் ஸ்பார்க் டோக்கமாக் உலைக்கான திட்டமிடலில் இந்நிரல் பயன்படுவது வியப்பளிக்கவில்லை.

வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. முதல் ஓட்டத்தின்போது நிரல் இயந்திர மொழிக்குத் தொகுக்கப்படுவதால் அது மெதுவாகவே தொடங்கும்; அடுத்தடுத்த ஓட்டங்களில்தான் வேகம் தெரியும். ஒரே ஒரு சூழலை ஆராய விரும்புபவர் இதில் பெரிதாகப் பயனடைய மாட்டார். ஆயிரம் சூழல்களை அலச வேண்டியவருக்கே இது பொருத்தம். பிரான்சில் கட்டப்படும் பன்னாட்டு உலையான ஈட்டரை ஒத்த சூழல்களில், ராப்டர் என்ற மற்றொரு கடத்தல் நிரலுடன் ஒப்பிட்டபோது முடிவுகள் நன்றாகப் பொருந்தியதாக உருவாக்கியவர்களே வெளியிட்டுள்ளனர். இரண்டு நிரல்கள் ஒத்துப்போவதால் சமன்பாடுகள் சரியாகத் தீர்க்கப்பட்டிருப்பது உறுதியாகும்; உலையும் அப்படியே நடந்துகொள்ளும் என்பது அதனால் உறுதியாகாது.

என் முதன்மையான தயக்கம் விளிம்பைப் பற்றியது. வெப்பம் வழக்கத்தைவிட நன்றாக அடைபட்டிருக்கும் உயர் அடைப்பு நிலையில் பிளாஸ்மாவின் ஓரத்தில் வெப்பநிலை செங்குத்தாக ஏறும் மெல்லிய பகுதியைப் பெடஸ்டல் என்பார்கள். அடிப்படை அமைப்பில், அதன் உச்சியிலுள்ள வெப்பநிலையையும் அடர்த்தியையும் டோராக்ஸ் கணிப்பதில்லை. பயனர் தரும் எண்ணை வாங்கிக்கொள்கிறது. மையத்தின் வெப்பநிலைச் சரிவு வரம்பை ஒட்டியே நின்றுவிடுவதால், மைய வெப்பநிலை ஏறத்தாழ அந்த எண்ணின் மடங்காகவே அமைகிறது. 10 முதல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான வெப்பநிலையில் டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற ஹைட்ரஜன் ஓரிடத்தான்களின் இணைவுத் திறன், அழுத்தத்தின் இருபடிக்கு நெருக்கமான விகிதத்தில் உயரும். ஆகவே அடர்த்தியை மாற்றாமல் பெடஸ்டல் வெப்பநிலையை மட்டும் 10 சதவீதம் உயர்த்தினாலே, இணைவுத் திறன் 20 சதவீதத்தை ஒட்டி உயர்ந்துவிடக்கூடும். திரையில் தெரியும் மென்மையான வளைகோடுகளைப் பார்க்கும்போது, அந்த உயர்வில் எவ்வளவு நிரலின் கண்டுபிடிப்பு, எவ்வளவு நாம் கொடுத்த எண்ணின் எதிரொலி என்பது புலப்படுவதில்லை.

வலையமைப்பின் எல்லையையும் மறக்கக் கூடாது. அதன் மூலமான குவாலிகிஸ், காந்தப் பரப்புகளின் வடிவத்தை எளிமையாக்கி, காந்தப்புல அலைவுகளைத் தவிர்த்துக் கணக்கிடுவது. வழக்கமான டோக்கமாக்கின் மையப் பகுதிக்கு அது போதும். அழுத்தம் மிகுந்த கோள வடிவ டோக்கமாக்குக்கு இதே வலையமைப்பை நம்பிப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். (நிரலின் அமைப்பே கடத்தல் மாதிரியை மாற்றிக்கொள்ள இடம் தருவதால், இதைக் கட்டமைப்பின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.) மேலும், தொடக்கப் பதிப்புகளுக்கு எழுதிய உள்ளீட்டுக் கோப்புகள் பிந்தைய பதிப்புகளில் அப்படியே இயங்குவதில்லை, நீண்ட ஆய்வைத் தொடங்குபவர் பதிப்பு எண்ணை முதலிலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

பயனரின் அறிவைப் பொறுத்தே இதன் பயன் அமையும். கடத்தல் இயற்பியலைக் கற்கும் மாணவருக்கும், பல சூழல்களை விரைவாக வடிகட்ட வேண்டிய ஆய்வுக் குழுவுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். உலையின் இணைவுத் திறனை ஒரே எண்ணாகச் சொல்ல இதை நாடுபவர், குறைந்தது மூன்று நான்கு பெடஸ்டல் மதிப்புகளுக்கு நிரலை ஓட்டி, விடைகளின் விரிவையும் அந்த எண்ணுடன் சேர்த்தே வெளியிட வேண்டும்.