சேர்த்துக்கொள்ள எத்தனை கை உயர வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியம், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், ஆப்பிரிக்க ஒன்றியம். புதிய நாட்டைச் சேர்ப்பதில் யாருடைய முறை உருப்படியானது என்று ஒரு விவாதம் வந்தது. நான் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பக்கம் நின்றேன். சிரித்தார்கள். இன்றும் அதே கட்சிதான்.

அந்தந்த வட்டார நாடாக இருக்க வேண்டும் என்பது மூன்றுக்கும் பொது, அதை விடுங்கள். ஒரே ஒரு நாடு அடம்பிடித்தால் கதவு மூடிவிடுமா? எனக்கு அதுதான் கேள்வி.

ஐரோப்பாவில் மூடிவிடும், அதுவும் பல கட்டங்களில். சேர்வதற்கான பேச்சுவார்த்தைக்கு 35 அத்தியாயங்கள், அதாவது தலைப்புகள். ஒவ்வொன்றையும் திறக்கவும் முடிக்கவும் எல்லா உறுப்பினர்களும் தலையசைக்க வேண்டும். மாசிடோனியா 2005-லேயே வேட்பாளர் நாடு. கிரேக்கம் ஆட்சேபித்ததால் 2019-ல் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டது. சரி, முடிந்தது என்று பார்த்தால், 2020-ல் பல்கேரியா மொழி, வரலாறு என்று வேறு வழக்கைக் கிளப்பித் தடுத்தது.

ஆப்பிரிக்க ஒன்றியத்தில் உறுப்பு நாடுகளில் பாதிக்கு மேல் சம்மதித்தால் போதும். 2017-ல் மொராக்கோ திரும்பி வந்தது இப்படித்தான். மேற்கு சஹாராவை உரிமை கொண்டாடும் நாடு அது. அதே மண்ணைத் தன் நாடு என்று சொல்லும் சஹ்ராவி குடியரசோ ஏற்கெனவே உள்ளே இருந்தது. ஒருமித்த சம்மதம் வேண்டும் என்ற விதி இருந்திருந்தால் அந்த ஒரு கை போதும், மொராக்கோ வாசலிலேயே நின்றிருக்கும். இப்போது இருவரும் ஒரே அவையில் இருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முந்தைய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1982-ல் பெரும்பான்மை பலத்தில் சஹ்ராவியைச் சேர்த்ததால்தான் மொராக்கோ 1984-ல் கோபித்துக்கொண்டு வெளியேறியது. அப்புறம், சேருமுன் சட்டங்களைச் சீர்திருத்த வைப்பதில் ஐரோப்பாவை அடிக்க ஆளில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உள்ளே வந்தபின்? 2023-ல் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஒன்றியம் அதை இடைநீக்கியது. சட்டத்தின் ஆட்சியைக் குலைப்பதாகச் சொல்லி ஹங்கேரி மீது ஐரோப்பிய நாடாளுமன்றம் 2018-ல் தொடங்கிவைத்த நடவடிக்கையோ வாக்குரிமையைப் பறிக்கும் வரை போகவே இல்லை. அதற்கும் மற்ற எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

ஆசியானிலும் எல்லோரும் இசைய வேண்டும். 2011-ல் விண்ணப்பித்த கிழக்குத் திமோர் 2025 அக்டோபரில்தான் சேர்ந்தது. அந்த 14 வருடக் காத்திருப்பு அதைத் தயார்ப்படுத்தியதா, வெறுமனே சோர்வாக்கியதா என்று தீர்ப்புச் சொல்ல இன்னும் சில வருடம் போகட்டும்.