கயென் டர்போ, எக்ஸ்5 எம், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்: பழசில் எது தேறும்?

ஷோரூமை விட்டு இறங்கிய நாளில் கோடி ரூபாயைத் தொட்ட வண்டி, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு புது நடுத்தர எஸ்யூவியின் விலைக்குக் கைக்கு வந்துவிடுகிறது. இறங்கியது வாங்கும் விலை மட்டும்தான். ரேடியேட்டரும் ஏர் சஸ்பென்ஷனும் பிரேக் டிஸ்க்கும் இன்றும் கோடி ரூபாய் வண்டியின் விலையில்தான் வருகின்றன.

2010 முதல் 2013 வரையான மூன்று வண்டிகளை இங்கே எடுத்துக்கொள்வோம். போர்ஷே கயென் டர்போ, 958 என்ற தலைமுறை: 4.8 லிட்டர் இரட்டை டர்போ வி8, 500 குதிரைத்திறன். பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம், இ70: 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8, 555 குதிரைத்திறன். ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், 5.0 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8, 510 குதிரைத்திறன். முதல் இரண்டும் நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.7 வினாடியில் தொடும். ரேஞ்ச் ரோவருக்கு ஆறு வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நம் சாலையில் இதனால் யாருக்கும் லாப நஷ்டம் இல்லை.

எதை எடுப்பது என்பதற்குக் குதிரைத்திறன் அளவுகோல் ஆகாது, பழுதின் வகைதான் அளவுகோல். ஒருமுறை செலவு செய்தால் அடங்கிவிடும் பழுது ஒரு வகை. மாதாமாதம் சிறிதாக வந்து கையைக் கடிக்கும் பழுது இன்னொரு வகை. மூன்றாவது, வாங்கும் நாளில் கண்ணில் படாமல் எஞ்சினுக்குள்ளேயே ஒளிந்திருந்து, கடைசியில் எஞ்சினையே கேட்பது. இந்த மூன்று வண்டிகளும் ஏறக்குறைய அந்த மூன்று வகையாகவே பிரிந்து நிற்கின்றன.

கயென் டர்போ

கயென் என்றாலே எஞ்சின் மேல் ஓடும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய் வெடிக்கும் என்று பயமுறுத்துவார்கள். அது 2003-06 காலத்து 4.5 லிட்டர் எஞ்சினின் வியாதி. அந்தக் குழாய்கள் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும். சூட்டில் காய்ந்து நொறுங்கி, கூலன்ட் நேராக ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் கொட்டும். அலுமினியக் குழாய் போட்டவுடன் தீர்ந்துவிடும். 4.8 லிட்டர் எஞ்சினில் சிக்கல் வேறு இடத்தில்: தண்ணீர் பம்பு, தெர்மோஸ்டாட் பக்கத்து அலுமினிய உறைக்குள் குழாய்களைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் சூடேறி ஆறியதில் பசை விடுபட்டு, ஒருநாள் குழாய் அப்படியே கழன்று வந்துவிடும். நெடுஞ்சாலையில் நடந்தால் மொத்தக் கூலன்ட்டும் சில வினாடிகளில் காலி.

இதை வாங்கும் முன்பே பிடிக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை ஏற்றி இருபது நிமிடம் விடுங்கள். முள் இம்மியளவு இறங்கினாலும் எங்கோ கசிவு இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் காய்ந்த இளஞ்சிவப்புத் தடம் காட்டிக்கொடுக்கும். இருந்தால் அந்த உறையையும் குழாய்களையும் ஒரே வேலையாக மாற்றச் சொல்லுங்கள். பசைக்குப் பதில் குழாயை வெல்ட் செய்தோ உலோகப் பின் அடித்தோ பூட்டிவிட்டால் திரும்ப அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காது.

அடுத்தது, எஞ்சினின் பலத்தை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். 958-இன் மிகப் பிரபலமான குறை இதுதான். இரண்டாவது, மூன்றாவது கியரில் மெல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, சிறு பள்ளங்களின் மேல் ஓடுவதுபோல் வண்டி விட்டுவிட்டு நடுங்கும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பலரும் முடிவு கட்டி அதைக் கழற்றிப் பார்ப்பார்கள், கோளாறு அங்கே இருக்காது. முன் அச்சுக்குப் பலத்தைப் பிரித்தனுப்பும் பல தட்டு கிளட்ச், ஆயில் கெட்டுப்போனதால் பிடித்தும் பிடிக்காமலும் வழுக்குகிறது. உள்ளே இருக்கும் ஆயில் ஒரு லிட்டர்கூட இல்லை. ஆரம்ப நிலை என்றால் அதை வடித்துச் சரியான ரகத்தை ஊற்றினாலே நடுக்கம் நிற்கும். முற்றியிருந்தால் முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும், அது பெரிய பில். டெஸ்ட் டிரைவில் வேகம் காட்டுவதை விட்டுவிட்டு, 40-க்கும் 60-க்கும் நடுவில் பாதம் மெல்லப் பதிய ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு செய்தால்தான் இது தெரியும்.

2010-12 எஞ்சின்களில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டரின் போல்ட்டுகள் தளரும் பிரச்சினையும் உண்டு. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்தப் போல்ட்டைச் சரிசெய்யும் வேலை நடந்திருக்கிறதா என்று போர்ஷே சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்குங்கள். 2016-இல் பெடல் தாங்கியின் கிளிப்புக்காக 2011 முதல் 2016 வரையான கயென்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தார்கள். அதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

கயெனில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்று சிலிண்டர் சுவர் கீறல். பிளாக்கில் இரும்பு லைனர் கிடையாது, அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்த உலோகமே சுவர். பிஸ்டனின் பூச்சு தேய்ந்தால் அது நேராகச் சுவரை வரி வரியாகக் கீறும். சூடான எஞ்சினில் டிக் டிக் என்ற சத்தம், ஆயில் குறைவது, ஒரு பக்கத்து சைலன்சர் வாயில் மட்டும் கரி அதிகமாகப் படிவது இவையெல்லாம் அறிகுறி. எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பிஸ்டன் கீழே இருக்கும் நிலையில் போர்ஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு ஒவ்வொரு சுவரையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அரை நாள் கூலி ஆகும். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

எக்ஸ்5 எம்

மூன்றிலும் ஓட்டுவதற்கு இதுதான் சுகம். இத்தனை எடையுள்ள வண்டி ஸ்டீயரிங் சொன்ன இடத்தில் அப்படியே திரும்புவது அதிசயம்தான். சிக்கல் எல்லாம் எஞ்சினில் டர்போக்களை வைத்த இடத்தில் இருக்கிறது. இதன் எஸ்63 எஞ்சினில் இரண்டு டர்போவும் வி வடிவத்தின் நடுப்பள்ளத்தில், பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கின்றன. வெளியேறும் வாயுவுக்குப் பாதை சுருங்கியதால் பிக்கப் அபாரம். எஞ்சினை அணைத்த பிறகும் வெப்பம் போக வழியில்லாமல் அந்தப் பள்ளத்திலேயே தேங்குவதுதான் அதன் விலை. சுற்றியுள்ள ரப்பர், ஒயரிங், கூலன்ட் ஹோஸ் எல்லாம் வெந்து வறண்டு போகின்றன. மே மாத வெயிலில் நகர டிராஃபிக்கில் ஊர்ந்த வண்டிக்கு இது இரட்டிப்பு.

முதலில் போவது, வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையமான வால்வு ஸ்டெம் சீல். ரப்பர் கல்லாகிவிட்டால், எஞ்சின் ஐட்லில் நிற்கும்போது ஆயில் சொட்டுச் சொட்டாக எரியறைக்குள் இறங்கும். சோதிக்கும் முறை எளிது. சூடான எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஐட்லில் விடுங்கள். வேறொருவரைப் பின்னால் நிற்க வைத்து, ஆக்சிலரேட்டரை 3,000 ஆர்பிஎம் வரை ஒரே மிதியாக மிதியுங்கள். நீலப் புகை மேகம் எழுந்தால் சீல் போய்விட்டது. ஓடிக்கொண்டே இருக்கும்போது புகையே தெரியாது; விற்பவர்கள் வண்டியை ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, உடனே அணைத்துக் காட்டுவது அதனால்தான். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலேயே சீல் மாற்ற தனிக் கருவிகள் உண்டு. ஆனால் முப்பத்திரண்டு வால்வு. அதை முன்பே செய்து பழகிய கை வேண்டும்.

சீலாவது புகை விட்டுக் காட்டிக்கொடுக்கும். பிஸ்டனை கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டின் பேரிங், அதாவது கனெக்டிங் ராட் பேரிங், அப்படியில்லை. தேய்ந்துகொண்டே வரும், வெளியே சத்தம் கேட்கிறபோது கிராங்க்ஷாஃப்ட்டும் கெட்டிருக்கும். பழைய ஆயிலில் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பேரிங்கிலிருந்து தேய்ந்து கலந்த செம்பும் ஈயமும் எவ்வளவு என்று பார்ப்பது ஒன்றே வாங்குமுன் கிடைக்கும் தடயம். நேற்றுத்தான் ஆயில் மாற்றினோம் என்று சொன்னால் அந்தத் தடயமும் அழிந்தது. இதன் பிளாக்கிலும் லைனர் இல்லை என்பதால், கயெனுக்குச் சொன்ன போர்ஸ்கோப் இங்கேயும் தேவை. சீல், பேரிங் இரண்டும் மாற்றிய பில் கையில் இருக்கும் எக்ஸ்5 எம் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம். இல்லாத வண்டியை எவ்வளவு மலிவானாலும் தொட வேண்டாம்.

டயர் விஷயத்திலும் இது தனி ரகம். முன்னால் 275/40 ஆர்20, பின்னால் 315/35 ஆர்20. முன்னதைப் பின்னால் போட்டுச் சுழற்ற முடியாது, பின் டயர் சீக்கிரம் தேயும். இரண்டை மட்டும் புதிதாகப் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றளவில் வித்தியாசம் வந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் ஓய்வில்லாமல் வழுக்கி வீணாகும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், கூடியவரை சமமான தேய்மானம் என்பது மூன்று வண்டிகளுக்கும் பொருந்தும்.

ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்

ஐந்து லிட்டர் எஞ்சினின் சிலிண்டர்களில் இரும்பு லைனர் இருப்பதால் சுவர் கீறல் பயம் குறைவு. இதன் பலவீனம், வால்வுகளை எஞ்சின் சுழற்சியோடு சேர்த்து இயக்கும் டைமிங் செயின். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் முனை, செயின் உரசி ஓடும் கைடின் அலுமினியப் பரப்பில் குழி தோண்டிவிடும். செயின் தளர்ந்து ஆடும். இராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, முன்பக்கம் காதை வையுங்கள். பெட்ரோல் வண்டி டீசல்போல் கடகடத்தால் அதுதான். திருத்திய கைடும் டென்ஷனரும் போட்டால் தீரும், முன்பக்கம் முழுதும் பிரிக்க வேண்டும். அதே நேரத்தில் தண்ணீர் பம்பையும், இரண்டு பாதியாக ஒட்டிய பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்களையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். அந்தக் குழாய்கள் ஒட்டு விட்டுப் பிளக்கும். பின்பக்கத்துக் குழாயைத் தொட சூப்பர்சார்ஜரையே தூக்க வேண்டும். தூக்கும்போது அதன் மூக்கில் உள்ள இணைப்புத் துண்டான கப்ளரையும் மாற்றுங்கள். ஐட்லில் கேட்கும் கிலுகிலுப்பை ஓசை பெரும்பாலும் அந்தக் கப்ளர்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருமுறைச் செலவு. ரேஞ்ச் ரோவரை வைத்திருப்பவர்களைச் சோர்வடைய வைப்பது மற்றவை: ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர், உயர சென்சார், முன் லோயர் ஆர்ம் புஷ், கிறீச்சிடும் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக். ஒன்றை முடித்தால் இன்னொன்று. ஒவ்வொரு சக்கரத்திலும் வண்டியைத் தாங்கும் காற்றுத் தூணான ஏர் ஸ்ட்ரட் கசிகிறதா என்று பார்க்க ஒரு அளவு டேப் போதும். மாலையில் சமதரையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், கதவையும் திறக்காமல் மீண்டும் அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஸ்ட்ரட் கசிகிறது. கசியும் ஸ்ட்ரட்டை விட்டுவைத்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடிக் கருகும். ஸ்ட்ரட்டைச் சரிசெய்யாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

கரடுமுரடான தடத்தில் உண்மையாகவே ஓட்டப்போகிறவருக்கு, லோ ரேஞ்ச் கியர் உள்ள இந்த வண்டிக்கு மற்ற இரண்டும் ஈடாகாது. வேறு காரணத்துக்காக இதை எடுக்க வேண்டாம்.

வாங்கும் இடத்தில்

ஓடோமீட்டரை மட்டும் நம்பாமல், எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் பாருங்கள். போர்ஷேக்குப் பிவிஸ், பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, லேண்ட் ரோவருக்கு எஸ்டிடி என்று அந்தந்தக் கம்பெனியின் சோதனைக் கருவி உள்ள ஷெட்டுக்குப் போனால், எந்தெந்த கன்ட்ரோல் யூனிட் என்ன பதிந்து வைத்திருக்கிறது என்று ஒப்பிடலாம். 35,000 கிலோமீட்டர், 4,000 மணி நேரம் என்று வந்தால் சராசரி மணிக்கு ஒன்பது கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. எவ்வளவு டிராஃபிக்கானாலும் அந்தக் கணக்கு இடிக்கும்.

சென்னைப் பதிவு வண்டியானால் 2015, 2023 டிசம்பர்களில் அது எங்கே நின்றது என்பது முக்கியம். இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடி முனையில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள், கார்பெட்டைத் தூக்கி இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டைப் பாருங்கள். இந்த வண்டிகளில் கன்ட்ரோல் யூனிட்டுகளும் பேட்டரியும் தரையோடு ஒட்டியே இருக்கும். தண்ணீர் புகுந்த வண்டி ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கெடும்.

பெட்ரோலில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இவை 95-க்குக் குறையாத ஆக்டேனுக்காகச் செய்த எஞ்சின்கள். எத்தனாலும் பத்து சதவீதம் வரைதான் என்று கையேடு சொல்லும் காலத்தவை. ஸ்பீடு 97, எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பெட்ரோல் பங்க்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆயில் எட்டு ஒன்பது லிட்டர் பிடிக்கும், 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிஎம்டபிள்யூவிலும் ரேஞ்ச் ரோவரிலும் உள்ள இசட்எஃப் ஆறு கியர் பெட்டிக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை என்பார்கள். செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

மூன்றும் ஒரே விலையில், ஒரே நிலையில் நின்றால் கயென்தான் எங்கள் தேர்வு. போர்ஸ்கோப்பில் சுவர் சுத்தமாக இருந்தால் மீதிப் பழுதுகளை முதல் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். வாங்கும் விலையில் கால் பங்கை அதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

பேரத்தை முடிக்கும் முன் ஆர்.சி.யில் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2011-இல் பதிந்த வண்டிக்குப் பதினைந்து வருடம் 2026-இல் முடிகிறது. இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருந்தால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 40,000 ரூபாய். பசுமை வரியும் தகுதிச் சோதனையும் தனி. அந்தத் தொகையை விற்பவரின் விலையிலிருந்து கழித்துவிட்டு, கடன் அடைந்ததற்கான படிவம் 35-ஐயும் கையில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போடுங்கள்.