அரூர் மலைக்கடை: சாமை அருமை, கல்தான் தொல்லை

அரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம், சின்னக் கடை. போர்டு வெயிலில் வெளுத்துப்போய் பேரே படிக்க முடியவில்லை, அதனால் வீட்டில் நாங்கள் மலைக்கடை என்றே சொல்கிறோம். சித்தேரிப் பக்கத்து மலை ஊர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். புளி நல்ல சதைப்பற்று. வத்தல்மலை காப்பித்தூள் சுமார், வறுவல் கொஞ்சம் தூக்கல்.

நான் போனது சாமைக்குத்தான். இரண்டு கிலோ வாங்கினேன். பாலிஷ் போடாத அரிசி, கை வைத்தாலே மாவு ஒட்டுகிறது, சோறு வெந்ததும் ஒரு வாசம் வருமே, அது டவுன் கடை பாக்கெட்டில் கிடைக்காது. ஆனால் இரண்டாவது வாயிலேயே நறுக்கென்று கல்! மறுநாள் மூன்று தண்ணீர் விட்டு அரித்தேன், அப்படியும் பாத்திரத்தின் அடியில் ஒரு சிட்டிகை மணல் தங்கியது.

அடுத்த வாரம் போய்க் கேட்டேன். "சாமையும் கல்லும் ஒரே சைஸுங்க சார், முறத்துல எவ்வளவுதான் புடைக்கிறது? கல்லு பிரிக்கிற மெஷின் மேலே இல்லீங்க. கீழே மில்லுக்குக் கொண்டாந்தா வண்டி வாடகை, கூலி எல்லாம் போயி கையில ஒண்ணும் நிக்காது" என்றார் அந்த அக்கா. கோபமாகப் போனவன் இன்னும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதில் கடையை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. 1974-75இல், ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தபோது தமிழ்நாட்டில் நீலகிரிதான் அதற்குள் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அப்போதே தனித் திட்டம் போட்டார்கள். சித்தேரி இருப்பது கிழக்குத் தொடர்ச்சி மலையில், இரண்டிலும் சேராது; பழங்குடியினர் துணைத் திட்டத்தின் வழியாகத்தான் இங்கே வேலை நடந்தது. ரோடும் பள்ளிக்கூடமும் வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் உமி நீக்கி, கல் பிரித்து, பையில் அடைக்கிற வேலை எந்த ஊரில் நடக்கிறதோ காசும் அந்த ஊரில்தான் தங்குகிறது. சாமையை நெல்லாகவே வியாபாரியிடம் தள்ளிவிட்டால் மலைக்கு மிஞ்சுவது என்ன?

கேழ்வரகைப் பாருங்கள். அதற்கு மத்திய அரசின் ஆதரவு விலை உண்டு, 2022-23இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். அரசே கொள்முதல் செய்து, 2023இல் நம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். ஆக, வாங்க ஆள் இருக்கிறது, விலையும் முன்கூட்டியே தெரிகிறது. அந்த ஆதரவு விலைப் பட்டியலில் சாமை கிடையாது. மேட்டுச் சரிவில், மழையை மட்டும் நம்பி வருகிற பயிர் அதுதான் என்பது திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன!

சரி, கடைக்கு வருகிறேன். ருசிக்கு ஐந்துக்கு ஐந்து, சுத்தத்துக்கு இரண்டு. தேன் அன்றைக்குத் தீர்ந்துவிட்டது, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. புதுச் சாமைக்கு ஐப்பசி கழித்து வரச் சொன்னார்கள். போகிறவர்கள் சில்லறை எடுத்துப் போங்கள், ஸ்கேன் அட்டை கிடையாது. பையும் கொண்டுபோய்விடுங்கள், எனக்குப் பழைய பேப்பரில்தான் கட்டிக்கொடுத்தார்கள்.