இதயத்துடிப்புக் கருவி பொருத்தும் மருத்துவருக்கு எந்தச் சான்றிதழ்?

மெதுவாகத் துடிக்கும் இதயத்தைத் தூண்டும் பேஸ்மேக்கரையும், ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சி தந்து சரிசெய்யும் ஐசிடி எனப்படும் டிஃபிப்ரிலேட்டர் கருவியையும் பொருத்துகிற மருத்துவர் தம் தகுதியைப் பொதுவான ஓர் அமைப்பிடம் நிறுவிக்கொள்ள விரும்பினால், பரவலாக அறியப்பட்ட வழிகள் மூன்று: ஏபிஐஎம் எனப்படும் அமெரிக்க உள்மருத்துவ வாரியத்தின் இதய எலெக்ட்ரோபிசியாலஜி (இதயத்தின் மின்னோட்டத்தையும் துடிப்புக் கோளாறுகளையும் கையாளும் துறை) சான்றிதழ், பன்னாட்டு அமைப்பான ஐபிஎச்ஆர்இ நடத்தும் கருவித் தேர்வு, ஐரோப்பிய இதயத்துடிப்புச் சங்கமான ஈஎச்ஆர்ஏ வழங்கும் பேசிங் சான்றிதழ். இவை மூன்றும் ஒரே திறனை அளப்பவை அல்ல என்பதால், எது உயர்ந்தது என்று கேட்பதைவிட எது எதைச் சோதிக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

1992 முதல் வழங்கப்பட்டுவரும் ஏபிஐஎம் சான்றிதழுக்கு, இதயநோய் மருத்துவத்தில் சான்று பெற்றபின் எலெக்ட்ரோபிசியாலஜிக்கென உள்ள ஃபெல்லோஷிப் என்னும் சிறப்புப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். அப்லேஷன் (கோளாறான துடிப்பை உண்டாக்கும் திசுவை அழிக்கும் சிகிச்சை), மருந்துகள், பரம்பரைத் துடிப்புக் கோளாறுகள் ஆகியவற்றோடு கருவிகளும் அதில் ஒரு பகுதி மட்டுமே. கருவி பொருத்துவதை மட்டும் செய்துவரும் இதயநோய் மருத்துவருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது.

1985இல் தொடங்கிய ஐபிஎச்ஆர்இ, மருத்துவர்களுக்கும் செவிலியர், தொழில்நுட்பர் போன்றோருக்கும் தனித்தனியே சான்றளிக்கிறது. இதன் கருவித் தேர்வு முழுவதும் கருவியைப் பற்றியதே. கருவியை இதயத்தோடு இணைக்கும் லீட் என்னும் கம்பி உடைந்ததால் எழும் மின்னிரைச்சலை, உயிரைப் பறிக்கக்கூடிய வெண்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பு என்று ஐசிடி தவறாக எடுத்துக்கொள்ளுமானால், நினைவோடு இருக்கும் நோயாளி தேவையற்ற மின்னதிர்ச்சியைத் தாங்க வேண்டியிருக்கும். அந்தப் பதிவைப் பார்த்தவுடன் பிழையை இனங்காணும் கண்ணைப் பயிற்றுவிக்க இத்தகைய தேர்வுக்கான படிப்பைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். ஆனால், கத்தி பிடிக்கும் கையை எந்த எழுத்துத் தேர்வும் பார்ப்பதில்லை.

ஈஎச்ஆர்ஏ இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. எழுத்துத் தேர்வில் தேறியவர் அடுத்த நிலைக்குச் செல்ல, தாம் செய்த சிகிச்சைகளைப் பதிந்த லாக்புக்கையும் அளிக்க வேண்டும். அமெரிக்காவின் இதயத்துடிப்புச் சங்கம் 2004இல் எலெக்ட்ரோபிசியாலஜிஸ்ட் அல்லாதவர்களுக்கு ஐசிடி பொருத்த மாற்றுப் பயிற்சி வழியொன்றை வகுத்தபோதும், படிப்பையோ தேர்வையோ மட்டும் போதுமென்று கொள்ளவில்லை. முந்தைய மூன்றாண்டுகளில் 100 பேஸ்மேக்கர் பொருத்திய அனுபவத்தையும், மேற்பார்வையில் 10 ஐசிடி பொருத்தல்களையும் ஏற்கெனவே பொருத்திய கருவிகளில் 5 மறுசீரமைப்புகளையும் கேட்டது.

அப்படியானால் கைத்திறன்தான் எல்லாம் என்று முடிவுகட்டத் தோன்றும். 2006 ஜனவரி முதல் 2007 ஜூன் வரை அமெரிக்காவில் நடந்த 1,11,293 ஐசிடி பொருத்தல்களை ஆராய்ந்த ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. சிக்கல் விகிதம் எலெக்ட்ரோபிசியாலஜிஸ்டுகளிடம் 3.5 சதவீதம், பிற இதயநோய் மருத்துவர்களிடம் 4.0, மார்பு அறுவை மருத்துவர்களிடம் 5.8. முதல் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு சிறியது. ஆனால், இதயத்தின் கீழறைகளான இருபுற வெண்ட்ரிக்கிள்களையும் ஒருசேரத் துடிக்கவைக்கும் சிஆர்டி வசதியுள்ள கருவி தேவைப்பட்ட நோயாளிகளில் அதைப் பெற்றவர்கள் முறையே 83.1, 75.8, 57.8 சதவீதம். இடைவெளி இங்கேதான் விரிகிறது: எதைப் பொருத்துவது என்ற முடிவு, கத்தி எடுப்பதற்கு முன்பே எடுக்கப்படுவது. இது நடந்தவற்றை நோக்கி மட்டும் அறியும் நோக்கீட்டு ஆய்வு என்பதால் சான்றிதழே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும் அறிவைச் சோதிக்கும் தேர்வை வெறும் ஏட்டுச் சடங்கென ஒதுக்குவோருக்கு இது தக்க மறுமொழி.

ஆகவே, இன்னும் பயிற்சிக் காலத்தில் இருந்து, அப்லேஷனிலும் ஈடுபட நினைப்பவர், அமெரிக்காவில் பணிபுரிய எண்ணினால், ஃபெல்லோஷிப், ஏபிஐஎம் என்ற பாதையில் செல்வது நல்லது. ஏற்கெனவே பேஸ்மேக்கர் பொருத்திவரும் இதயநோய் மருத்துவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஈஎச்ஆர்ஏ. அறிவையும் அனுபவப் பதிவையும் சேர்த்துக் கேட்பது அதுவே. பொருத்தியபின் கருவியின் அமைப்புகளைச் சரிசெய்யும் ப்ரோகிராமிங்கையும் தொடர் கண்காணிப்பையும் தம் முதன்மைப் பணியாகக் கொண்டவருக்கோ ஐபிஎச்ஆர்இயே மிகப் பொருத்தம்.