டெக்ஸ்ட் ஃபைலை மின்னூலாக்க மூன்று வழிகள்: எது எங்கே காலை வாரும்?

பழைய டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். வரிகள் 70 எழுத்து வாக்கில் மடங்கியிருக்கும். பத்திக்குப் பத்தி ஒரு வெற்று வரி, சாய்வெழுத்துக்குப் பதில் சொல்லின் இருபுறமும் அடிக்கோடு. நம் கண்ணுக்கு இது போதும். ஆனால் எது தலைப்பு, எது கவிதை, எது வெறுமனே மடங்கிய வரி என்று கருவிக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

முதல் வழி, மின்னூல்களை மாற்றித் தரும் மென்பொருளான கேலிபர். அதன் ஹியூரிஸ்டிக் (ஊகிக்கும்) வசதியை முடுக்கினால் இதையெல்லாம் அதுவே ஊகித்துக்கொள்ளும். வரியின் நீளத்தை வைத்து, அடுத்த வரியோடு ஒட்டலாமா என்று முடிவெடுக்கும். எந்த நீளத்திலிருந்து ஒட்டுவது என்பதற்கான அளவு 0 முதல் 1 வரை, இயல்பாக 0.4. வரி முனையில் ஹைஃபனோடு உடைந்த சொல்லைச் சேர்க்க, அந்த நூலையே அகராதியாக வைத்துக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான். நேரான உரைநடை நாவல் என்றால் சில நிமிடங்களில் படிக்கும்படியான புத்தகம் தயார். ஆனால் தப்பாக ஊகித்த இடம் தடயமே விடாது. கவிதையின் இரண்டு நீண்ட அடிகள் ஒட்டிக்கொண்டால் சாதாரண வாக்கியம் மாதிரியே உட்கார்ந்திருக்கும். மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்காமல் அதைப் பிடிக்க முடியாது.

அடுத்தது மார்க்டவுன், அதாவது சாதாரண டெக்ஸ்டிலேயே சில குறிகளால் தலைப்பு, சாய்வெழுத்து என்று காட்டும் முறை; கூடவே அதை மின்னூலாக மாற்றும் பேண்டாக் என்ற கருவி. ஜான் குரூபர் 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டபோது, மின்னஞ்சலில் மக்கள் எழுதிவந்த பாணியையே முன்மாதிரியாகக் கொண்டார். அதனால் பழைய ஃபைலின் அடிக்கோடு தானாகவே சாய்வெழுத்தாகும், மடங்கிய வரிகளும் தாமாகச் சேரும். (பொருளடக்கமும் சேர்ந்து ஒரே பத்தியாகிவிடும், முதல் தடவை நான் கவனிக்கவேயில்லை.) மார்க்டவுனை மனதில் வைத்து எழுதாத ஃபைலையும் அது மார்க்டவுனாகவே படிப்பதுதான் வம்பு. ஒரு பத்தி இப்படித் தொடங்குகிறது என்று வையுங்கள்:

1931. அப்போது எனக்குப் பத்து வயது.

எண், புள்ளி, இடைவெளி: எனவே இது பட்டியல்! குரூபரின் மூல மார்க்டவுனில் ஆண்டு போய் ‘1.’ என்று வந்து நிற்கும். பேண்டாக் 1931-ஐக் காப்பாற்றும், ஆனால் பட்டியலாகத்தான் தள்ளி வைக்கும். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போட்டால் தீர்ந்தது. நான்கு இடைவெளி விட்டு உள்ளே தள்ளிய கவிதை கணினி நிரல் பகுதியாகி, தட்டச்சு எழுத்துருவில் வரும். அடிதோறும் முன்னால் செங்குத்துக் கோடு போட்டால் பேண்டாக் அதைக் கவிதையாக மதிக்கும். பழைய ஃபைல்களில் நீள்கோட்டுக்காகப் போட்ட இரட்டை ஹைஃபனோ பேண்டாக்கில் குறுங்கோடாகிவிடும். இத்தனை தொல்லை இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான். இந்தத் தவறுகள் எல்லாம் விதிப்படி நடப்பவை. வரித் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் வரும் இடங்களை ரெஜெக்ஸில் (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் முறை) தேடினால் அத்தனையும் கையில்.

மூன்றாவது வழி, சிஜில் என்ற மின்னூல் திருத்தியில் உட்கார்ந்து, வலைப்பக்கங்களுக்கான குறிமொழியான எச்டிஎம்எல்லைக் கையாலேயே எழுதுவது. ஈபப் என்ற மின்னூல் வடிவத்துக்கு வேண்டியது எச்டிஎம்எல்லின் கறாரான வகையான எக்ஸ்எச்டிஎம்எல். தப்பித்தவறி ஒரு & குறியை அப்படியே விட்டால் அந்த அத்தியாயமே திறக்காமல் போகலாம். எரிச்சல்தான், ஆனால் தவறு ஒளிந்துகொள்ளாது. சரிபார்க்கும் கருவி வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். முழு நாவலை இப்படிச் செய்வது வீண் உழைப்பு. பேசுபவர் பெயர், மேடைக் குறிப்பு, அடிக்கு அடி மாறும் உள்தள்ளல் என்று இருக்கும் கவிதை நாடகத்துக்கு வேறு வழியில்லை.

நான் பெரும்பாலும் பேண்டாக்கில் ஈபப் எடுத்துவிட்டு, கவிதை வரும் அத்தியாயங்களை மட்டும் சிஜிலில் திறக்கிறேன். மறுபடி பேண்டாக்கை ஓட்டினால் அந்தத் திருத்தங்கள் அழிந்துவிடும் என்பதால் சிஜில் வேலை எப்போதும் கடைசியில்தான்.