எட்டு மாதம் புழங்கிய பிறகு எழுதுகிறேன்: எங்கள் வீட்டைப் புதுப்பித்தவர்களின் வேலை

வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் இருந்திருக்கும். புது டைல்ஸும் புதுப் பெயிண்டும் கொஞ்ச நாளைக்கு எல்லாக் குறையையும் மறைத்துவிடும். சமையலறை, ஒரு குளியலறை, வரவேற்பறை விளக்குகள், இவ்வளவுதான் வேலை. ஒரு குறையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

ஐந்தாறு வருடத்தில் வீட்டை விற்றாலும் விற்போம் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். எங்களுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது, சின்னப் படுக்கையறையின் சுவரை இடித்துப் பெரிய அறையோடு சேர்த்துவிடலாம் என்று. டிசைனர் வேண்டாம் என்று கறாராகச் சொன்னார். வாங்க வருகிறவர்கள் முதலில் எண்ணுவது எத்தனை படுக்கையறை என்பதைத்தான், மூன்று இரண்டாகிவிட்டால் உள்ளே எவ்வளவு அலங்காரம் செய்தாலும் அந்த ஓர் அறை திரும்ப வராது, அதற்குப் பதில் அந்தச் சுவரிலேயே தரையிலிருந்து கூரை வரை அலமாரி அடித்துக்கொள்ளுங்கள் என்றார். சுவரை இடித்திருந்தால் அவர்களுக்குத்தான் கூடுதல் வேலை, கூடுதல் பணம். அதை விட்டுக்கொடுத்து ஒருவர் பேசும்போது நம்பிக்கை தானாக வந்தது.

சமையலறைதான் எனக்கு நிறைவு. முன்பெல்லாம் மேடைக்கு அடியில் பின்வரிசைப் பாத்திரத்தை எடுக்க முட்டி போட்டு, முன்னால் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைத்து, பாதி உடம்பை உள்ளே நுழைக்க வேண்டும். இப்போது கீழே முழுவதும் டிராயர்கள். டிராயர் ஓடும் தண்டவாளமான சேனல் கடைசி வரை வெளியே வருவது என்பதால் நின்றபடியே மேலிருந்து எல்லாம் தெரிகிறது. கதவு வைத்த அலமாரியைவிடச் செலவு கூடத்தான், ஆனால் முட்டிவலி உள்ள என் மாமியார் இப்போது யாரையும் கூப்பிடாமல் வேண்டியதை எடுத்துக்கொள்கிறார், எனக்கு அது போதும்.

மேடை உயரத்துக்கு என் முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தார்கள். முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோள் வலிக்காதாம். நான் குள்ளம், கணக்குப்படி எனக்கு 82 போதும். பொதுவாக வைப்பது 90 சென்டிமீட்டர் போல. ரொம்பத் தாழ்த்தினால் நாளைக்கு வருகிறவர் குனிந்தே வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று 86-இல் நிறுத்தினோம். எனக்குக் கொஞ்சம் உயரம்தான், பழகிவிட்டது. மேடைக்குக் குவார்ட்ஸ் கேட்டேன். அது கல்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அப்படியே வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழும், உங்கள் கைப்பழக்கம் எப்படி என்று டிசைனர் கேட்டார். நான் எதையும் இறக்கி அப்படியே வைக்கிற ஆள். அதனால் கிரானைட். கறை உள்ளே இறங்காமல் இருக்க அவ்வப்போது சீலர் பூச வேண்டும், அது பெரிய வேலை இல்லை. அலமாரிக்கு அடர்பச்சை வேண்டும் என்றதற்கு, பச்சையைச் சுவருக்கு அடியுங்கள், பிடிக்காதவர்கள் ஒரே நாளில் மாற்றிக்கொள்வார்கள் என்றார். சரிதான்.

விளக்குகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, நன்றாக இருக்கின்றன.

குறை குளியலறையில். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் வாட்டர்புரூஃபிங் பூசி, தரையில் தண்ணீர் வெளியேறும் ஜாலியை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துக் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். நாங்கள் கேட்காமலே செய்தார்கள். ஆனால் தரை வாட்டத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள். ஜாலியை நோக்கி மீட்டருக்கு ஒன்று, இரண்டு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். எங்களுக்கோ குளித்து முடித்தால் கதவோரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. மேஸ்திரி "காய்ந்துடும்மா" என்றார். வயதானவர்கள் கால் வைக்கிற இடத்தில் அந்தப் பதில் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைத்தது. நானே தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் ரசமட்டத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன், அதற்கு அப்புறமும் ஆள் வர 11 நாள் ஆனது. வந்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள், நான்கு டைல்ஸைப் பெயர்த்து, அடிப்பூச்சு சேதமான இடத்தில் திரும்பப் பூசி, மறுபடியும் ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே ஒட்டினார்கள், காசும் கேட்கவில்லை. இருந்தாலும் அந்த 11 நாளுக்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும், டைல்ஸ் காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எங்கே போகிறது என்று நின்று பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இன்னொன்று, சுவரை மூடுவதற்கு முன்னால் உள்ளே போகும் குழாய், வயர் எல்லாவற்றையும் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்தபடி படம் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். விற்கும்போது வாங்குகிறவரிடம் காட்டலாம் என்றார்கள், நான் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் துண்டு மாட்டக் கொக்கி அடிக்க டிரில்லோடு நின்றபோதுதான் ஞாபகம் வந்து அந்தப் படத்தைத் திறந்தேன். நான் பென்சிலால் குறித்து வைத்திருந்த புள்ளி நேராகத் தண்ணீர்க் குழாய் மேல் இருந்தது. ஒரு சாண் தள்ளி அடித்தேன்.