இடி விழுந்த மறுநாள் எது திறக்கும்? வீட்டுக் கணினிக்கான பேக்கப் மென்பொருள்கள்

மலையகத்தில் ஏப்ரலிலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் வரும் பிற்பகல் இடியைப் பற்றி யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காலையில் பளிச்சென்று வெயில், மூன்று மணிக்கு மப்பு, நாலு மணிக்குத் தலைக்கு மேல் இடி. பவர் சப்ளை எரியும். ரவுட்டரிலிருந்து வரும் கேபிள் வழியாக மதர்போர்டும் போகும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைக்குக் கொண்டுபோனால் மாற்று போர்ட் வர நாளாகும். அதற்குள் ரியூஷன் வினாத்தாளோ, தோட்டத்துச் செக்ரோலோ (தொழிலாளர் வரவு, சம்பளப் பட்டியல்), கல்யாண அல்பமோ கொடுக்க வேண்டிய தேதி வந்துவிடும். அப்போது கையில் இருப்பது ஒரு பேக்கப் டிஸ்க். பக்கத்தில் இருப்பது சொந்தக்காரர் வீட்டிலோ கொமினிகேஷனிலோ (போட்டோக்கொப்பி, தட்டச்சுக் கடை) உள்ள வேறொருவரின் கணினி.

அதனால் இங்கே வேகமும் அழகான திரையும் இரண்டாம் பட்சம். பேக்கப் மென்பொருள் எதுவும் நிறுவாத, இணையமும் இல்லாத இன்னொருவர் கணினியில் அந்த டிஸ்க்கைக் குத்தினால் ஃபைல் திறக்குமா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்துத்தான் போல்டர்களை ஒப்பிட்டுப் பிரதி எடுக்கும் ஃப்ரீ ஃபைல் சிங்க் (FreeFileSync) மென்பொருளைத் தெரிவு செய்தது. மற்றவை மோசம் என்பதல்ல; அவை திறக்க வேறு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடலாம். மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பை இன்னும் பென்ட்ரைவில் வைத்துப் போட்டுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் ஆதரவு 2024 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. நல்ல மென்பொருள்தான், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் அதில் தொடங்க வேண்டாம்.

விண்டோஸோடு வருகிற ஃபைல் ஹிஸ்டரி 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது. கன்ட்ரோல் பேனலில் போய் இயக்கிவிட்டால் மணிக்கொரு முறை மாறிய ஃபைல்களைப் பிரதி எடுக்கும். காசு இல்லை, நிறுவல் இல்லை. பிரதிகள் சாதாரண ஃபைல்களாகவே இருக்கும் என்பதால் நம் கேள்விக்கு அரைப் பதில் கிடைக்கிறது. மீதி அரையில்தான் சிக்கல். ஒவ்வொரு ஃபைலின் பெயரோடும் நேர முத்திரை ஒட்டிக்கொள்ளும், அதுவும் உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், காலை 7 மணிக்குச் சேமித்த வினாத்தாள் 01_30 என்று நிற்கும். வேறு கணினியில் ஆயிரம் ஃபைலை இப்படிப் பெயரோடு மல்லுக்கட்டிப் பொறுக்குவது வேலையல்ல, தண்டனை. டி டிரைவில் தனியாக வைத்த போல்டரை விண்டோஸின் லைப்ரரி பட்டியலில் சேர்க்காவிட்டால் அது எடுபடவும் மாட்டாது. மணிக்கொரு முறை எடுக்க வேண்டுமென்றால் டிஸ்க் எப்போதும் கணினியில் செருகியே இருக்க வேண்டும். இடி வரும்போது அதுவும் சேர்ந்தே போகும். கழற்றி வைத்தால் கணினியின் சொந்த டிஸ்க்கில் 5 சதவீத இடத்துக்குள் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும். அது பேக்கப் ஆகாது.

வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு வேறு ரகம். முழுக் கணினியையும், விண்டோஸ், புரோகிராம், பிரிண்டர் டிரைவர் எல்லாம் சேர்த்து ஒரு படிமமாக எடுக்கும். முதல் முறை முழுப் பிரதி, அதன்பின் மாற்றங்கள் மட்டும். டிஸ்க்கைச் செருகியதும் தானே தொடங்கவும், முடிந்ததும் டிஸ்க்கைத் தானே விடுவிக்கவும் சொல்லலாம். மறதிக்காரர்களுக்கு அது வரம். ஆனால் அந்தப் படிம ஃபைலை இன்னொரு கணினியில் திறக்க அங்கேயும் வீம் வேண்டும். நிறுவல் ஃபைலை அதே பேக்கப் டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டு வைக்காதவர், மோபைல் டேட்டாவில் நூற்றுக்கணக்கான எம்பியை இறக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வீமை எடுக்கிறவர் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. கணினி தொடங்காதபோது கைகொடுக்கும் மீட்பு யூஎஸ்பியை, அது நலமாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டும். செய்யும்போது இந்தக் கணினியின் டிரைவர்களைச் சேர்க்கும் தெரிவை விட்டுவிடக் கூடாது. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லெப்டொப்களில் விஎம்டி டிரைவர் இல்லாவிட்டால் மீட்புத் திரையில் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியே தெரியாது. டிஸ்க் செத்துவிட்டது என்று பயந்துபோய்க் கடைக்கு ஓடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மற்றது, பேக்கப் டிஸ்க் பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் அதில் ஏறாது. படிமம் நிச்சயம் அதைத் தாண்டும். என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றிவிட்டுத் தொடங்கவும்.

டூப்ளிகாட்டி, ரெஸ்டிக், கோபியா மூன்றும் ஒரே குடும்பம் மாதிரி. ஃபைல்களைத் துண்டாக்கி, ஒரே துண்டு இரண்டு முறை வராமல் பார்த்து, குறியாக்கம் செய்து வைக்கும். நூறு நாள் பிரதி வைத்தாலும் இடம் அதிகம் பிடிக்காது. டிஸ்க் தொலைந்தாலும் எடுத்தவரால் எதையும் பார்க்க முடியாது. ஆனால் கடவுச்சொல்லைத் தொலைத்தவருக்கும் அதே கதிதான். ரெஸ்டிக்கில் அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. டிஸ்க்கைத் திறந்தால் புரியாத பெயரில் துண்டுகள்தான் இருக்கும். டூப்ளிகாட்டி பல ஆண்டுகள் பீட்டா நிலையிலேயே கிடந்தது. கணினி போய் வேறு கணினியில் முழுவதையும் மீட்கும்போது அதன் உள்ளூர் டேட்டாபேஸை மறுபடி கட்டவே நேரம் இழுக்கும். ரெஸ்டிக் திடமானது, ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பழக வேண்டும். கோபியாவுக்குச் சாதாரணத் திரை உண்டு, பார்க்க நன்றாகவும் இருக்கிறது. நீண்ட பாவனை இல்லாததால் அதைப் பற்றி இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

இணையத்தில் ஏற்றுவதற்குக் கணக்குப் போட்டாலே போதும். அப்லோட் வேகம் 5 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 5 மெகாபிட்) என்று வைத்தால் 100 ஜிபி ஏற கிட்டத்தட்ட 44 மணி நேரம். மலை மறைக்கிற இடத்தில் அந்த 5உம் நிலையாக இராது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, மைக்ரோசொஃப்டின் வன்டிரைவ் (OneDrive) 5 ஜிபி. சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, இந்த வருட வினாத்தாள் ஆகியவற்றுக்குப் போதும், போட்டோவுக்குப் போதாது. ஒத்திசைவு பேக்கப்பும் அல்ல: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் காக்கும்.

இனி ஃப்ரீ ஃபைல் சிங்க். இடப்பக்கம் மூலப் போல்டர், வலப்பக்கம் பேக்கப் போல்டர். ஒப்பிட்டு, மாறியதை மட்டும் பிரதி எடுக்கும். டிஸ்க்கில் இருப்பது உங்கள் போல்டர்கள், உங்கள் பெயர்களோடு, அப்படியே. எந்தக் கணினியிலும் இரட்டைச் சொடுக்கில் திறக்கும். தனிப்பட்ட பாவனைக்கு இலவசம். கடை, ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் உரிம விதியைப் படித்துவிட்டுப் போடவும்.

அமைக்கும்போது தவறும் இடங்கள் உண்டு, அவற்றை வரிசையாகவே சொல்லிவிடலாம். முதலாவது, முறையைத் தெரிவு செய்வது. இரு பக்கத்து மாற்றத்தையும் மறுபக்கம் கொண்டுபோகும் டூ வே என்பது பேக்கப்புக்கு அல்ல. அப்டேட் முறை எதையும் அழிக்காது, அதனால் டிஸ்க் குப்பையாகும். மிரர்தான் சரி. ஆனால் மிரர் என்றால் மூலத்தில் அழிந்தது பேக்கப்பிலும் அழியும். அதனால் அழித்தல் தெரிவில் நிரந்தர அழிப்பையும் குப்பைத்தொட்டியையும் விட்டு வெர்ஷனிங்கை எடுக்கவும். அழிந்த ஃபைலும், மாற்றி எழுதப்பட்ட ஃபைலின் பழைய வடிவமும் தனிப் போல்டருக்கு நகரும். பெயரிடலில் நேர முத்திரையை வைத்தால் ஒரே வினாத்தாளின் ஐந்து வடிவமும் நிற்கும். இந்த முத்திரை நம் கணினியின் நேரத்திலேயே இருக்கும், ஐந்தரை மணிக் கணக்குத் தேவையில்லை. வெர்ஷன் போல்டர் அதே டிஸ்க்கில், ஆனால் பேக்கப் போல்டருக்கு வெளியே இருக்க வேண்டும். எத்தனை நாள் வைப்பது என்பதற்கு 180 கொடுத்தால் ஏறக்குறைய ஆறு மாதம் அடங்கும்.

அடுத்தது டிரைவ் எழுத்து. இன்று ஈ என்று வந்த டிஸ்க், பென்ட்ரைவ் ஒன்று முன்னால் செருகியிருந்தால் நாளை எஃப் ஆகும். பாதையில் எழுத்துக்குப் பதில் டிஸ்க்கின் பெயரைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால் எந்த எழுத்தில் வந்தாலும் கண்டுபிடிக்கும்.

மூலப் போல்டர் எது என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. புதிய விண்டோஸ் 11 லெப்டொப்களில் டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் பல வேளைகளில் வன்டிரைவ் போல்டருக்குள் நகர்த்தப்பட்டிருக்கும். வழக்கமான பாதையைக் கொடுத்தால் வெறும் போல்டரைத்தான் பேக்கப் எடுப்பீர்கள். டொக்கியுமென்ட்ஸின் மேல் வலச் சொடுக்கி, ப்ரொப்பர்ட்டீஸில் உண்மையான இடத்தைப் பார்க்கவும். மேகக் குறி போட்ட ஃபைல்கள் கணினியில் இல்லாதவை. பிரதி எடுக்கத் தொடங்கினால் ஒவ்வொன்றாக இறங்கி உங்கள் டேட்டாவைக் குடித்துவிடும்.

பெரிய போல்டரின் பெயரை மாற்றினால் மென்பொருள் அதைப் புதிதென்று எண்ணி முழுவதும் மறுபடி பிரதி எடுக்கும், பழையது வெர்ஷன் போல்டரில் குவியும். நகர்த்திய ஃபைலைக் கண்டறியும் தெரிவை இயக்கினால் இரண்டாவது ஓட்டத்திலிருந்து இது குறையும். திறந்திருக்கும் கணக்கு மென்பொருள், அவுட்லுக் இரண்டையும் மூடிவிட்டு ஓட்டவும். இரண்டு பக்கமும் பெரிதும் வேறுபடுகின்றன என்ற எச்சரிக்கை வந்தால் அவசரத்தில் சரி என்று அழுத்த வேண்டாம்: தவறான போல்டரோ, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதோ, இரண்டில் ஒன்று. அந்த எச்சரிக்கையை இனிக் காட்டாதே என்று குறியிடவே கூடாது.

எல்லாம் சரியானதும் பேட்ச் ஜொப்பாகச் சேமித்து டெஸ்க்டொப்பில் வைத்தால், டிஸ்க்கைச் செருகி அதை ஒரு முறை சொடுக்குவதோடு வேலை முடிந்தது. இரவு ஒரு மணிக்குத் தானே ஓடட்டும் என்று நேரம் குறிப்பது இங்கே பலிக்காது. கணினி அணைந்திருக்கும், டிஸ்க் பெட்டியில் இருக்கும். மாதம் ஒரு முறை ஒப்பீட்டு முறையை ஃபைல் உள்ளடக்கம் என்று மாற்றி ஓட்டினால் இரு பக்கமும் முழுவதும் வாசித்துச் சரிபார்க்கும். யூஎஸ்பி 3 போர்ட்டில் செகண்டுக்கு 100 எம்பி வந்தால் 100 ஜிபிக்கு 17 நிமிடம் அளவில் ஆகும். பழைய யூஎஸ்பி 2 போர்ட் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட.

இது செய்யாததையும் சொல்ல வேண்டும். விண்டோஸைக் காப்பாற்றாது. அது பெரிய இழப்பில்லை, அரை நாளில் மறுபடி போடலாம். ஆனால் பாமினி எழுத்துரு? இங்கே தட்டச்சுச் செய்கிறவர்களின் பாதிப் பொக்கிஷம் யூனிக்கோடில் இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் பத்து வருட வினாத்தாளும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் எழுத்துருப் போல்டரில் உள்ள பாமினியையும் மற்றப் பழைய எழுத்துருக்களையும் ஒரு போல்டரில் பிரதி எடுத்து, அந்தப் போல்டரையும் பேக்கப்பில் சேர்க்கவும். ஒரு பாவனையாளருக்கு மட்டும் நிறுவியிருந்தால் அவை ஆப்டேட்டா (AppData) என்ற மறைந்த போல்டருக்குள் ஒளிந்திருக்கும்.

கணினி எரிந்தாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொன்றில் போட்டுப் பார்க்கலாம் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது செல்லாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகும். வேறு கணினியில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அதைத் தாளில் அச்சடித்து டிஸ்க்கோடு வைக்காமல் வேறிடத்தில் வைக்கவும்.

டிஸ்க்குகள் இரண்டு வேண்டும், ஒன்றாகவே இருக்கக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு இதற்கு விளக்கம் வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்தால் வெளியேறத்தான் வேண்டும், மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஒரு டிஸ்க் கையோடு எடுக்கக்கூடிய பையில், மற்றது வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில். மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். நுவரெலியா, ஹப்புத்தளை பக்கத்து மூடுபனிக்கு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வைக்கவும். குளிரிலிருந்து எடுத்த டிஸ்க்கை உடனே செருகாமல் அரை மணி நேரம் அறைச் சூட்டில் விடவும்.

எங்கும் திறக்கும் டிஸ்க்கை யாரும் திறக்கலாம். ஃப்ரீ ஃபைல் சிங்க்கின் பெரிய பலவீனம் இது. டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லொக்கர் போடலாம், விண்டோஸ் ஹோம் பதிப்பில் புதிதாகப் போட முடியாது, ஆனால் புரோவில் போட்டதை ஹோமில் சாவி கொடுத்துத் திறக்கலாம். அடையாள அட்டைப் பிரதிகளைக் குவித்து வைத்திருக்கும் கொமினிகேஷன்காரருக்கு இது கட்டாயம். பத்துப் பதினைந்து மென்பொருளும் உரிமச் சாவியும் பிரிண்டர் அமைப்பும் ஒரே கணினியில் வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்கு வீமையும் சேர்த்தே சொல்வேன்: மாதம் ஒரு படிமம், போட்டோக்களுக்கு மட்டும் தனியாக ஃப்ரீ ஃபைல் சிங்க்.